கண்ணாடி போட்டவர்களுக்கும் சேர்த்து

எனக்குக் கண்ணாடி மைனஸ் ஐந்து. கழற்றிவிட்டால் எதிரே வருவது மேனேஜரா, தண்ணி லாரியா என்றே தெரியாது. அதனால்தான் போர்ச் சட்டத்தில் எங்கள் கூட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

1995 அக்டோபரில், வியன்னாவில் ஓர் உடன்படிக்கை. ஆளை நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களுக்குத் தடை. வெறுங்கண் மட்டுமில்லை, கண்ணாடி போட்ட கண்ணும் சேர்த்தி என்று முதல் ஷரத்திலேயே எழுதிவிட்டார்கள். எவ்வளவு பார்வை போனால் குருடு? கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கிறாரே எழுத்து அட்டை, அந்தக் கணக்கில் 20/200-க்கும் கீழே!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? ஆயுத விஷயத்தில் சட்டத்தின் வழக்கமே வேறு. 1899-ல் ஹேக் நகரத்தில் கூடி, பலூனிலிருந்து குண்டு போடக்கூடாது என்று தடை போட்டார்கள். ஐந்தே வருஷத்துக்கு! பலூனால் அன்று பெரிய பிரயோஜனம் இல்லை. கையெழுத்துப் போட்டால் நஷ்டமும் இல்லை. 1907-ல் புதுப்பிக்கலாம் என்றபோது விமானம் வந்துவிட்டது. ஜெர்மனியும் பிரான்ஸும் நைஸாக நழுவிக்கொண்டன. 1911-ல் லிபியாவில் ஓர் இத்தாலிய விமானி கையாலேயே குண்டுகளை வீசினார். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

லேசர் கதை வேறு. 1995-லேயே ஒரு சீன நிறுவனம் அப்படியொரு ஆயுதத்தைக் கண்காட்சியில் விற்பனைக்கு வைத்திருந்தது. ஆனால் அதற்கு ஆறு வருஷம் முன்பே செஞ்சிலுவைச் சங்கம் கண் டாக்டர்களையும் ராணுவ நிபுணர்களையும் கூட்டிவைத்துப் பேச ஆரம்பித்திருந்தது. துப்பாக்கிக் காயம் ஆறலாம். இது பட்டால் ஆயுசுக்கும் இருட்டு. ராணுவங்கள் அந்த ஆயுதத்துக்குப் பழகுவதற்குள் சட்டம் முந்திக்கொண்டது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது.

இப்போது, யாரைச் சுடுவது என்று தானே முடிவெடுக்கும் இயந்திரங்கள். லேசரைத் தடுத்த அதே ஒப்பந்தக் குடும்பத்தில்தான் ஜெனீவாவில் வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள். அங்கே எல்லோரும் தலையாட்டினால்தான் முடிவு. ஒருவர் முறைத்தாலும் டீ குடித்துவிட்டுக் கலைய வேண்டியதுதான். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இதைக் கையிலெடுத்தது. ஆதரவு 152 நாடுகள், எதிர்ப்பு நான்கு. நாலில் ஒன்று நம்ம இந்தியா. ஜெனீவா இருக்கும்போது இன்னொரு மேடை எதற்கு என்பது டெல்லியின் வாதம்.

வாதம் இருக்கட்டும் சார். ஆயுதம் பழகிப்போன பிறகு எந்த ராணுவமும் அதைத் திருப்பித் தராது.