ஆவி படிந்த கண்ணாடி

புதுக் கார் வீட்டுக்கு வந்த அன்று அப்பா அதன் சாவியை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தார். "இதை எங்கே நுழைக்கணும்?" என்று கேட்டார். எங்கும் நுழைக்க வேண்டாம், சட்டைப்பையில் இருந்தால் போதும், வண்டி தானே தெரிந்துகொள்ளும் என்றேன். "தெரிஞ்சுக்கும்னா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. விற்பனையகத்து இளைஞர் முக்கால் மணிநேரம் விளக்கியதில் கால் பங்குகூட என் மனத்தில் நிற்கவில்லை என்பதை அவரிடம் சொல்லத் தைரியமும் இல்லை.

அப்பாவுக்கு வயது 78. 1984-இல் பழைய வண்டியாக வாங்கிய ஒரு ஃபியட்டை இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டியவர். அந்த வண்டியின் முகப்பு அவரிடம் பேசியது மிகக் குறைவு. வேகம், பெட்ரோல், எஞ்சினின் சூடு, அவ்வப்போது எரியும் ஓரிரு சிவப்பு விளக்குகள். மீதியை அவர் காதாலும் மூக்காலும் உள்ளங்கையாலும் தெரிந்துகொண்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கியர் தண்டின் அதிர்விலிருந்தே, வண்டி மேடேறச் சம்மதிக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். குளிர்காலக் காலைகளில் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது அவர் விரல்களுக்குத்தான் தெரியும். அம்மாவின் கைக்கு உப்பின் அளவு தெரிந்ததைப் போல. முன்கதவுகளில் சிறிய முக்கோணக் கண்ணாடிகள் இருந்தன. மழையில் முன்கண்ணாடி மங்கத் தொடங்கினால், பேச்சை நிறுத்தாமலே இடக்கையால் என்னைத் தட்டி அந்த முக்கோணத்தைக் காட்டுவார். நான் அதன் கொக்கியைத் தள்ளித் திறப்பேன். சாரலோடு காற்று வரும். சற்று நேரத்தில் சாலை தெரியும். ஏழு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

புதுக் காரில் முக்கோணக் கண்ணாடி இல்லை. பொத்தான்களும் ஏறத்தாழ இல்லை. நடுவில் ஒரு பெரிய தொடுதிரை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்னொரு திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பலகையில் எரியக்கூடிய சின்னங்கள் எத்தனை என்று எண்ணினேன். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனி, பச்சையும் நீலமும் வெறும் தகவல் என்பது வரை புரிகிறது. ஆனால் அந்தப் படங்கள்! டயரில் காற்று குறைந்தால் எரியும் சின்னத்தைப் பார்த்து அப்பா, "பணியாரச் சட்டிக்குள்ள எதுக்கு ஆச்சரியக்குறி?" என்றார். அது டயரின் குறுக்குவெட்டுத் தோற்றம் என்று விளக்கினேன். "காத்து இருக்கான்னு காலால ஒரு உதை விட்டுப் பார்த்தா தெரியாதா?" என்று கேட்டார். உண்மையில் தெரியாது. இன்றைய டயர்களில் காற்று கணிசமாகக் குறைந்தாலும் கண்ணுக்கும் காலுக்கும் அகப்படுவதில்லை. அந்தச் சட்டி ஒருமுறை எரிந்து, ஆணி ஏறியிருந்த பின்சக்கரத்தைக் காட்டிக்கொடுத்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பா இரண்டு நாள் அந்த வண்டியை ஓட்டினார். இரண்டாம் நாள் திரும்பி வந்து, "கையப் பிடிச்சு இழுக்குதுப்பா" என்றார். சாலையில் வரைந்துள்ள கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பிவிடும் வசதி அது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் சாலைக் கோட்டின் மேல் நெல் காயும்; கோட்டின் மேலேயே ஆடு படுத்திருக்கும். விலகாமல் எப்படி ஓட்டுவது? அந்த வசதியை அணைத்து வைத்தேன். மறுமுறை வண்டியைக் கிளப்பியபோது அது தானே உயிர்பெற்றிருந்தது. அப்பா அதன்பின் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போகவில்லை. யாரும் அவரை நிறுத்தவில்லை, மருத்துவர் தடுக்கவில்லை, கண்ணும் நன்றாகவே இருந்தது. ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவந்த ஒன்றை ஒரு மனிதர் ஒரு பிற்பகலில் விட்டுவிட்டதை, நான் அப்போது ஒரு நிகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்விடத்தில் என் பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளாக நான் மென்பொருள் எழுதுகிறேன். கார்களுக்கு அல்ல என்றாலும், இப்படிப்பட்ட திரைகளுக்குத்தான். ஒரு வசதியை எங்கே வைப்பது என்று தெரியாதபோது 'அமைப்புகள்' என்ற பட்டியலுக்குள் தள்ளிவிடும் கூட்டங்களில் நானும் தலையாட்டியிருக்கிறேன். பொத்தான்கள் ஏன் மறைந்தன என்பதும் எனக்குப் புரியாததல்ல. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அச்சு, ஒரு கம்பி, ஒரு சோதனை, ஓர் உதிரிப்பாகக் கிடங்கு எல்லாம் வேண்டும். திரைக்கு அவை வேண்டாம். வண்டி விற்றுப்போன பிறகும் அதை மாற்றி எழுதலாம். இது புதிய மோகமும் அல்ல. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1986-லேயே ரிவியேரா என்ற காரில் தொடுதிரையை வைத்துப் பார்த்தது. அன்றைய குழாய்த் தொலைக்காட்சியைப் போன்ற திரை அது. சாலையை விட்டுக் கண்ணை எடுக்க வைக்கிறது என்று அன்றே குறைசொன்னார்கள், சில ஆண்டுகளில் கைவிட்டார்கள்.

அந்த நவம்பர் இரவுக்கு வருகிறேன்.

செஞ்சிக்கு அருகே உறவினர் வீட்டுத் திருமணம். வரவேற்பு முடிந்து இரவு ஒன்பதரைக்குக் கிளம்பினோம். மண்டபத்திலிருந்து வண்டிக்கு வருவதற்குள் இருவரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். அப்பா நடுங்கினார். ஏசியை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். வண்டியோ வெளிக்காற்றை அடைத்துவிட்டு உள்காற்றையே சுழற்றும் நிலையில் இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. ஈரத் துணியோடு இரண்டு பேர் மூடிய கூண்டுக்குள் மூச்சுவிட்டால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். திண்டிவனம் சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் வந்ததும் முன்கண்ணாடி ஓரங்களிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. எதிரே வந்த லாரியின் விளக்கு அதில் பட்டதும் கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதுபோல் ஆயிற்று.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். காற்றைக் கண்ணாடியின் மேல் திருப்ப வேண்டும், ஏசியைப் போட வேண்டும், வெளிக்காற்றை விட வேண்டும். மூன்றையும் ஒரே தொடுதலில் செய்யும் சின்னம் திரையில் உண்டு. கையை நீட்டினேன். திரையில் வரைபடம் இருந்தது. அதை ஒதுக்கி, காற்றுக்கான பக்கத்தைத் திறக்கப் போனபோது தங்கையின் தொலைபேசி அழைப்பு வந்தது. "வந்துட்டீங்களா?" என்று கேட்பதற்காக இருக்கும். திரை முழுவதும் அவள் புகைப்படம், சிரித்துக்கொண்டிருந்தாள். ஈர விரலால் அந்தச் சிரிப்பை இரண்டு மூன்று முறை குத்தினேன். அழைப்பு துண்டிக்கப்படவில்லை, ஏற்கப்படவும் இல்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். நான் திரையோடு போராடியது ஆறு நொடி என்றால், நூறு மீட்டர் தூரம் குருடனாக ஓட்டியிருக்கிறேன். "டேய்!" என்று அப்பா கத்தினார். பலகையில் ஏதோ சிவப்பாக எரிந்தது. ஒரு கீச்சொலி. என் கால் பிரேக்கின் மேல் இருந்தது. வண்டி நின்றது.

வெளுத்த கண்ணாடிக்கு அப்பால் ஒரு நிழல். கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். ஒருவர் தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் பாலிதீன் தாள் சுற்றிய மூட்டை. விளக்கு எரியவில்லை. எங்கள் பானெட்டுக்கும் அந்த மூட்டைக்கும் இடையே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அவர் திரும்பி, வெளிச்சத்துக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு கணம் பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுங்கித் தள்ளிக்கொண்டே போனார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளிருந்து கண்ணாடியைத் துடைத்தார். தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார். பிறகு கேட்டார்: "நீ போட்டியா, அது போட்டுச்சா?"

"தெரியலப்பா."

இன்றும் தெரியாது. எதிரே இடையூறு இருந்தால் தானே பிரேக் பிடிக்கும் வசதி அந்த வண்டியில் உண்டு. சிவப்பு விளக்கு முதலில் எரிந்ததா, அப்பாவின் குரல் முதலில் கேட்டதா, என் கால் முதலில் போயிற்றா? எத்தனையோ முறை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வரிசை மாறுகிறது. என்னைக் குருடாக்கியதும் அதே வண்டி. ஒருவேளை அந்த மனிதரைக் காப்பாற்றியதும் அதே வண்டி. ஒன்றுக்காகத் திட்டவும் மற்றதற்காக நன்றி சொல்லவும் எனக்கு உரிமை இருக்கிறதா என்றே தெரியவில்லை. அடுத்த வாரம் பணிமனையில் விசாரித்தேன். ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி சொன்னார்: "எரர் எதுவும் இல்ல சார். வண்டி நல்லாதான் இருக்கு."

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சாரலில் நனைந்தபடி திண்டிவனம் வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் படுத்திருந்தார்.

அந்தப் பத்து நாளில்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சுவீடனின் 'வீ பில்எகாரே' என்ற கார் இதழ் 2022-இல் ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், வானொலி நிலையத்தை மாற்றுவது, வெப்பத்தைக் கூட்டுவது, கண்ணாடியின் ஆவியை நீக்குவது போன்ற நான்கு எளிய பணிகள். பழகிக்கொள்ள ஓட்டுநருக்கு முன்பே நேரமும் கொடுத்தார்கள். பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வோல்வோ ஒன்றில் இவை முடிய 10 நொடி. அதற்குள் வண்டி கடந்த தூரம் 306 மீட்டர். புதிய கார்களில் கடைசி இடம் பிடித்ததற்கு 44.9 நொடி, 1372 மீட்டர். பட்டியலில் ஆவி நீக்குவதையும் சேர்த்தவர் யாரோ, அவரும் என்றோ ஒரு நாள் மழையில் மாட்டியிருக்க வேண்டும்.

இதைவிட என்னை உலுக்கியது ஒரு கப்பலின் கதை. 2017 ஆகஸ்ட் 21 அதிகாலையில், சிங்கப்பூருக்கு அருகே, அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். அக்கப்பலின் சுக்கானும் வேகமும் தொடுதிரைகளால் இயக்கப்பட்டன. கட்டுப்பாட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது குழப்பம் நேர்ந்தது. சுக்கான் செயலிழந்துவிட்டது என்று அவர்கள் நம்பினார்கள். செயலிழக்கவில்லை, வேறொரு மேசையின் கைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கப்பலையும் யாராவது கருவி செருகிப் பார்த்திருந்தால், நல்லாதான் இருக்கு என்றே சொல்லியிருப்பார்கள். 2019-இல் அமெரிக்கக் கடற்படை, போர்க்கப்பல்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் பிடித்துத் தள்ளும் பழைய நெம்புகோல்களையே மீண்டும் பொருத்தப்போவதாக அறிவித்தது.

கார்களிலும் காற்று சற்றே திசைமாறுகிறது. ஐரோப்பாவில் புதுக் கார்களின் பாதுகாப்பை அளந்து நட்சத்திரம் வழங்கும் அமைப்பு, 2026 முதல் சில செயல்களுக்குத் தனி விசை இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. திருப்பக் குறிகாட்டி, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு என்று ஐந்து. ஆவி நீக்கி அந்தப் பட்டியலில் இல்லை.

எழுந்து உட்கார்ந்ததும் அப்பா கையேட்டைக் கேட்டார். நானூறு பக்கத்துக்கு மேல் உள்ள அந்தப் புத்தகத்தை, கூட்டுறவு வங்கியில் பேரேடு பார்த்த அதே பொறுமையோடு, பென்சிலால் கோடிட்டுக்கொண்டு ஒரு வாரம் படித்தார். ஒரு மாலையில் என்னைக் காருக்கு அழைத்துப்போனார். தொலைபேசி அழைப்பு வந்தாலும் மறையாமல் திரையின் அடி ஓரத்தில் ஒரு பட்டை நிற்கும் என்றும், அதில் இடமிருந்து மூன்றாவது சின்னத்தை நீண்ட நேரம் அழுத்தினால் ஆவி நீக்கி வேலைசெய்யும் என்றும் காட்டினார். பக்கம் 217. இருபது ஆண்டுகள் திரை செய்தவனுக்குத் தெரியாத குறுக்குவழி. "ஆனா கண்ணு அங்க போகக் கூடாது, இல்லியா?" என்றார். சட்டைப்பையிலிருந்து எம்-சீல் பொட்டலத்தை எடுத்தார். பிசைந்து, மிளகளவு உருட்டி, திரைச் சட்டத்தில் அந்தச் சின்னத்துக்கு நேர்கீழே ஒட்டினார். "கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாரு." தடவினேன். கட்டைவிரல் அந்தப் பரு மேல் ஏறி நின்றது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியில் இப்படிச் செய்வார்களா என்று என் மனைவிக்கு இன்றும் வருத்தம். எனக்கு, முக்கோணக் கண்ணாடியின் கொக்கி திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது.

அடுத்த மழைக்காலம் வரை அது நன்றாக வேலைசெய்தது. போன அக்டோபரில் ஓர் இரவு, நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது வண்டி தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டது. மேம்பட்ட அனுபவம் என்று காலையில் திரை அறிவித்தது. அந்தப் பட்டை அடியிலிருந்து வலது ஓரத்துக்கு, செங்குத்தாக நகர்ந்திருந்தது. எம்-சீல் பருவுக்கு நேர்மேலே இப்போது பாட்டை மாற்றும் அம்புக்குறி.

அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து முன்னிருக்கையில் உட்கார்ந்து நெடுநேரம் திரையைப் பார்த்தார். இந்த முறை ஓட்டுநர் இருக்கையில்தான் உட்கார்ந்தார் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். "திரும்பவும் மாத்துவானா?" என்று கேட்டார். மாற்றலாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, கடைக்குப் போகிறபோது இன்னொரு பொட்டலம் வாங்கிவரச் சொன்னார். பழைய பருவைச் சுரண்டி எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், திரும்ப அங்கேயே வந்தாலும் வரும் என்றார்.