பெயிண்ட் வாளியில் ஒரு தோட்டம்

தோட்டம் என்றதும் உங்களுக்குக் கிணறும் வரப்பும் நினைவுக்கு வரலாம். எனக்கு நினைவுக்கு வருவது 20 லிட்டர் பெயிண்ட் வாளி.

என் தந்தையார் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. வேலை முடிந்த இடங்களிலிருந்து காலி வாளிகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். சேலத்தில் நாங்கள் குடியிருப்பது மூன்று குடித்தனங்களுக்குப் பொதுவான மொட்டைமாடி உள்ள வாடகை வீடு. கைப்பிடி மண்ணுக்கும் அங்கே வழியில்லை. சென்ற கோடை விடுமுறையில், முதலாண்டுத் தாவரவியல் தேறிவிட்ட பெருமையில், "மாடியில் தோட்டம் போடப் போகிறேன்" என்று அறிவித்தேன். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை. அது கொஞ்சம் ஆபத்தான மரியாதைதான்!

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் காய்ந்தபின் தோலாக உரிந்துவிடும். உரித்துக் கழுவினோம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு கலந்து நிரப்பினோம். தம்பி மிச்ச வண்ணங்களைக் கொண்டு வாளிகளுக்கு மீசை வரைந்தான். தளம் நனைந்தால் வீட்டுக்காரம்மா கோபிப்பாரே என்று, அடியில் துளை வேண்டாமெனத் தீர்ப்புச் சொன்னவள் நானே. மிளகாய் நாற்று நட்டுக் காலையும் மாலையும் நீர் ஊற்றினேன்.

பத்து நாளில் இலைகள் மஞ்சளித்துத் தொங்கின. வாடுகிறதே என்று மேலும் ஊற்றினேன். ஒருநாள் மாலை அப்பா மாடிக்கு வந்து பார்த்தார்.

"ஏன் கண்ணு, நீ இதத்தானே படிக்கறே? அப்புறம் ஏன் செத்துப்போச்சு?"

கேலியில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் கறுத்துக் குழைந்திருந்தது, சாக்கடை நாற்றம். அப்போதுதான் உறைத்தது. வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கிடையே உள்ள காற்றுதான் அதற்கு ஆக்சிஜன் தருகிறது. அந்த இடத்தை நீர் அடைத்துக்கொண்டால் வேர் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. செடி தண்ணீரில் நின்றுகொண்டே வாடும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்!

அப்பாவிடம் விளக்கினேன். "வேருக்கு மூச்சு இருக்குதா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வாளிக்கு எட்டுத் துளை போட்டார். துளைகளின் மேல் ஓட்டுச் சில்லும் தேங்காய் நாரும் வைத்தோம். வாளியைச் செங்கற்களின் மேல் தூக்கி நிறுத்தி, கசியும் நீருக்குக் கீழே பழைய தட்டு வைத்தோம்.

மறுமுறை மிளகாயை விட்டுவிட்டுச் சிறுகீரையும் மல்லியும் போட்டோம். தம்பி மல்லியை முழுதாகத் தூவப் போனான். அம்மா தடுத்து, தரையில் போட்டுச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டிரண்டாக உடைத்துக் கொடுத்தார். ஒரு மல்லிக்குள் இரண்டு விதை என்பது எனக்குப் பாடநூல் சொன்னது. களை வெட்டப் போய் வளர்ந்த அம்மாவுக்கு அது காலுக்கே தெரிந்திருக்கிறது. குழம்புக்குக் கிள்ளிய புதினாவின் வெறுந்தண்டையும் அவரே ஊன்றினார். கணுவில் வேர் பிடித்துவிட்டது. நான்கு வாரத்துக்குள் கீரை கடைந்தோம். வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

சென்ற வாரம் அப்பா மற்றொரு வாளி கொண்டு வந்தார். கவிழ்த்துப் பார்த்தேன். வேலை செய்த இடத்திலேயே எட்டுத் துளை போட்டிருந்தார்.

"கூட இருந்தவங்க எதுக்குன்னு கேட்டாங்க கண்ணு. வேரு மூச்சு விடணுமில்ல, எம் புள்ள படிச்சிருக்குதுன்னு சொன்னேன்" என்றார்.