ஜமாலா, ஜோசப்பா?

வியாழன், பரங்கிப்பேட்டை

அசர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "ஜமால் இருக்கும்போது புள்ளைய ஜோசப்புல ஏன் சேர்த்தீங்க?" திருச்சியில் 1951இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியில் இந்த ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. மகன்தான் தாவரவியலில் பிடிவாதமாக நின்றான், அதுவும் பெரிய செடிக் காப்பகம் இருக்கிற திருச்சி புனித ஜோசப் கல்லூரியில்தான் படிப்பானாம். வெள்ளாற்றங்கரைக் கடல் உயிரியல் மையத்தில் நண்டையும் மீனையும் பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டியே பிழைத்தவனின் மகன், வேறு எதைக் கேட்பான்?

அவன் உம்மாவுக்குக் கவலை வேறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விடுவார்களா?

திங்கள், திருச்சி

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே லூர்து மாதா கோயில் கோபுரம் கண்ணில் படுகிறது. அந்தப் பக்கம் மலைக்கோட்டை. கூப்பிடு தூரத்தில் தெப்பக்குளம். இத்தனை நெரிசலுக்கு நடுவில், வளாகத்துக்குள் கால் வைத்ததும் மரநிழல்.

கல்லூரி பிறந்தது இங்கே இல்லை, நம் சோழமண்டலக் கரையில், நாகப்பட்டினத்தில். இதை நடத்தும் இயேசு சபையை 1773இல் போப்பாண்டவரே கலைத்தார். 1814இல் தடை நீங்கியது. அதன்பிறகு வந்த பிரெஞ்சு சாமியார்கள் 1844இல் நாகையில் ஆரம்பித்த கல்லூரி, 1866இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது.

இதைப் பல்கலைக்கழகம் என்று சொல்ல முடியாது. கத்தோலிக்கர் நடத்தும் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் பெங்களூர் கிறிஸ்து இருக்கிறது, 2008இல் நிகர்நிலை ஆனது. கொல்கத்தாவில் புனித சவேரியார் பல்கலைக்கழகம் 2017இல் வந்தது. ஜோசப் 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டமும் கேள்வித்தாளும் இவர்களுடையவை, பட்டம் மட்டும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடையது. பல்கலைக்கழகத்துக்குரிய வேலையில் முக்கால்வாசி இங்கேயே நடக்கும்போது, முத்திரை யாருடையதாக இருந்தால் என்ன?

ஜும்ஆ விஷயத்தை, ஃபாரம் பார்த்துக்கொண்டிருந்த ஃபாதரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். போய்வர வேண்டிய நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பையனின் ஃபாரத்தை எடுத்தார். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

ராமேஸ்வரத்துப் பையன் அப்துல் கலாம் 1950இலிருந்து 1954 வரை இங்கே இயற்பியல் படித்தவர். விடுதி அறையில் அவரோடு இருந்தவர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். மூன்றாம் வருடம் சைவ மெஸ்ஸுக்கு அவரையே செயலாளராக்கினார்கள். ஒரு ஞாயிறு ரெக்டர் ஃபாதரை அழைத்து விருந்து வைத்ததை அவரே எழுதியிருக்கிறார். மரக்காயர் வீட்டுப் பிள்ளை கையில் சைவ மெஸ்! மத நல்லிணக்கம் என்று மேடையில் முழங்குவதைவிட, சாம்பாருக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு உசத்தியாகப் படுகிறது.

இதை வெறும் புண்ணியக் கதையாக எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மாதிரிக் கல்லூரிகளின் பெஞ்சுகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் மேல்சாதிப் பிள்ளைகள். கத்தோலிக்கரான தலித் மக்களுக்கே கல்லூரிப் படி எட்டாத காலம் அது. மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பும் 'செப்பர்டு' திட்டமெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

அதே நாள், மாலை

ராப்பினா செடிக் காப்பகம் பார்த்தோம். 1967இல் ஃபாதர் கே. எம். மாத்யூ ஏற்படுத்தியது. காடுமேடெல்லாம் அலைந்து செடி சேர்த்துத் தமிழ்நாட்டின் 'கர்நாடிக்' பகுதித் தாவரங்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிய மனிதர். ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். தட்டையாக உலர்ந்த கிளை, நூலால் பிடித்த காம்பு, அடியில் வலது மூலையில் சீட்டு: ஊர், தேதி, எண், பறித்தவர் பெயர். என் பாட்டில் சீட்டும் இதே வரிசைதான். வாடை மட்டும் வேறு. எங்களிடம் ஃபார்மலின் கண்ணை எரிக்கும், இங்கே பாச்சை உருண்டை வாசம்.

ஜெபப் புத்தகத்தோடு செடிக்கத்தியையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர். இவர்கள் சொல்லும் 'விழுமியம்' என்னவென்று பையன் கேட்டால், சுவரில் எழுதியதைக் காட்ட மாட்டேன், இந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

புதன், ரயிலில்

சிதம்பரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. கூட்டம் இறங்குவதைப் பார்த்தபோது தனிநாயகம் அடிகள் நினைவு. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குரு, ரோமில் படித்தவர், தமிழ் படிக்க, இந்தச் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தேடி 1945இல் வந்தார். சாமியார் அங்கே படிக்கலாம் என்றால், என் மகன் ஜோசப்பில் படிப்பதில் என்ன வந்துவிட்டது? அசருக்குப் பிறகு கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜனவரி, ஒரு சனி

செப்பர்டுக்காகக் கிராமத்துக்குப் போய்வந்த அலுப்போடு மகன் போனில் பேசினான். "லீவு நாளும் போச்சு வாப்பா." பிறகு அவனே, "ஒரு பாட்டி வேலியோரச் செடியைக் காட்டி, படிக்கிற புள்ளைதானே, இது என்னன்னு சொல்லுன்னு கேட்டுச்சு. தெரியல. ஒரு கிளை ஒடிச்சு வந்து பேப்பருக்கு நடுவுல வச்சிருக்கேன்."

பேப்பரைத் தினம் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்றேன். பாட்டி அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று கேட்டு எழுதினாயா என்றும் கேட்டேன். எழுதவில்லையாம். அடுத்த வாரம் போகும்போது முதல் வேலை அதுதான் என்று சொல்லியிருக்கிறேன்.