கயிறு பிடிக்கும் கை

காலில் அடிபட்ட குதிரையை மறுபடி வேலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று பார்க்க விரும்புகிறவர் விடியும் முன்பே லாயத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே கவனிக்க வேண்டியது குதிரைக்காரரின் கையை. குதிரை கொட்டடியை விட்டு ஓரடி வைக்கும் முன் அவர் அதன் தோளருகே குனிந்து, முட்டிக்குக் கீழே காலின் பின்பக்கம் விரல்களை மேலிருந்து கீழாக இறக்குகிறார். ஓரிடத்தில் கதகதப்பு கூடுதலா, உப்பல் இருக்கிறதா, லேசாக அழுத்தினால் காலை வெடுக்கென்று இழுக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு அடுத்த காலிலும் அதே சோதனை. நல்ல காலைத் தொட்டால்தான் கெட்ட காலின் சூடு எவ்வளவு என்று விரலுக்குப் பிடிபடும். வெயிலும் உழைப்பும் காலைச் சூடாக்கும் முன்னால் தொடுவதால்தான் இந்தக் கணக்கு சரியாக வருகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது. ஊசியும் கருவியும் செய்வதைவிட, அளந்து நடத்தத் தெரிந்த ஆளும் அவருக்குக் கிடைக்கும் நாட்களும்தான் குதிரைக்குக் காலைத் திருப்பித் தருகின்றன என்பது என் கட்சி. இந்த இரண்டுக்கும் காசு கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

குதிரையின் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே உள்ளது ஒற்றை நடுவிரல். அந்த விரலின் நகம்தான் குளம்பு. மணிக்கட்டுக்குக் கீழே சதை என்று சொல்ல எதுவுமே இல்லை. எலும்பு, தோல், இரண்டுக்கும் இடையில் கயிறு போன்ற தசைநாண்கள், அவ்வளவுதான். குதிரைக்காரர்கள் இவற்றை நரம்பு என்பார்கள். நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ உடம்பு நாலுகால் பாய்ச்சலில் போகும்போது, ஒரு முன்னங்கால் தரையில் ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பாரம் அந்தக் காலில் இறங்குகிறது. பின்பக்கத் தசைநாண் ரப்பர் போல இழுபட்டு மீள்கிறது. பாய்ச்சலில் அதன் நடுப்பகுதியின் சூடு 45 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் என்று அளந்திருக்கிறார்கள். அங்கே இழைகள் அறுந்தால் உடம்பு தழும்பை வைத்து ஒட்டுப் போடுகிறது. ஒட்டுப் போட்ட இடம் பழையபடி நெளிந்து கொடுக்காது. அதனால் அடுத்த முறை கிழிவது பெரும்பாலும் அந்த ஒட்டின் ஓரத்தில். காயம் ஆறியதா என்பதைவிட, எப்படிப்பட்ட தழும்போடு ஆறியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு நெடுநாள் ஆயிற்று. நூற்றாண்டுகளாகக் குதிரை வைத்தியர்கள் பழுத்த இரும்பால் காலில் வரிவரியாகச் சூடு போட்டார்கள். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்று நம் ஊரில் சொல்வது வேறு விஷயம். இங்கே நல்ல குதிரைக்குப் பத்துச் சூடு. சூடு போட்ட குதிரைகள் பலவும் தேறி ஓடின என்பதுதான் அவர்களுக்குச் சான்று. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1983இல் முடிவை வெளியிட்டார்கள்: சூட்டால் தசைநாணுக்கு எந்த நன்மையும் இல்லை. 1991இல் பிரிட்டனின் கால்நடை மருத்துவர் அமைப்பு, சூடு போடுவது தொழில் அறத்துக்கு ஒவ்வாது என்றது. அப்படியானால் தேறிய குதிரைகள் எப்படித் தேறின? சூட்டுப் புண் ஆறும்வரை எந்த எஜமானும் குதிரையை ஓட்ட முடியாது. மாதக்கணக்கில் ஓய்வு கிடைத்தது. ஓய்வு செய்த வேலைக்கு இரும்பு பேர் வாங்கிக்கொண்டது. பொறுமையில்லாத முதலாளியைப் பொறுக்க வைத்ததுதான் அந்தச் சித்திரவதை செய்த ஒரே நன்மை.

ஓய்வுதான் மருந்து என்றால் மேய்ச்சலில் அவிழ்த்துவிட்டால் போதாதா, ஆள் எதற்கு என்று கேட்கலாம். போதாது. அவிழ்த்துவிட்ட குதிரை ஒரு பட்டாசுச் சத்தத்துக்கு வெருண்டு பாய்ந்தால் ஒரு மாத ஆறுதல் அரை நிமிடத்தில் போய்விடும். கொட்டடியிலேயே கட்டிப்போட்டாலும் கோளாறுதான்: இழுப்பு படாத தழும்பின் இழைகள் தலைமுடிச் சிக்கு போலத் தாறுமாறாக விழும். அளவான இழுப்பு பட்டால்தான் அவை காலின் நீளவாக்கில் வரிசைப்படும். ஆகவே முதலில் குளிர்ந்த நீர், கட்டு, கொட்டடி. வீக்கம் வடிந்ததும் கையில் கயிற்றைப் பிடித்து நடை. ஐந்து அல்லது பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுவது பொதுவான வழக்கம். மூன்று மாதம் வெறும் நடை. அப்புறம் சில நிமிடம் டிராட் என்கிற மெல்லோட்டம். கேன்டர் என்கிற மிதமான பாய்ச்சலுக்கு அரை வருடம் தாண்டும். பந்தயக் குதிரை மறுபடி பந்தயத்துக்குப் போக ஒன்பது மாதம், ஒரு வருடம், சிலவற்றுக்கு அதற்கும் மேல். கொள்ளுத் தீனியையும் குறைக்க வேண்டும். வேலையில்லாமல் முழுத் தீனி தின்ற குதிரை, பத்து நிமிட நடையில் எட்டாவது நிமிடம் இரண்டு காலில் எழும்பி நிற்கும். அப்போது கயிற்றை இறுக்கலாமா, தளர்த்தலாமா என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

கருவிகளை நான் தள்ளவில்லை. 1980களில் குதிரைக் காலுக்கு வந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஓர் அரிய உதவி. இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்து, நொண்டாமல் குதிரை ஒழுங்காக நடக்கும். திரையில் பார்த்தால் உள்ளே இன்னும் கரும்பொட்டாக ஓட்டை இருக்கும். ஆனால் அந்தத் திரை சொல்வதெல்லாம், இன்னும் பொறு என்பதுதான். குருத்தணு ஊசி போட்டாலும் அளந்த நடையிலிருந்து விலக்கு கிடையாது. எலும்பே முறிந்தால் கதை வேறு. 2006 மே மாதம் அமெரிக்காவில் பந்தயத்தில் கால் முறிந்த பார்பரோ என்ற குதிரைக்குக் கிடைக்காத வைத்தியம் இல்லை. முறிந்த காலின் பாரத்தைச் சுமந்த மறுகாலின் குளம்பில் நோய் கண்டு, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. படுத்துத் தேற முடியாத பிராணி அது. இன்னொரு பக்கம், 1972இல் 6,000 கினிக்கு வாங்கப்பட்ட ரெட் ரம், குளம்பு எலும்பில் நோயுடன் வந்த குதிரை. இங்கிலாந்தின் சவுத்போர்ட் என்ற கடற்கரை ஊரில் பழைய கார் விற்றுக்கொண்டிருந்த ஜிஞ்சர் மெக்கெய்ன் அதைக் கடல் நீரிலும் ஈர மணலிலும் பழக்கினார். 1973, 1974, 1977 என்று மூன்று முறை கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. அதைத் தேற்றியது தண்ணீரா மணலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அலை நனைத்து இறுகிய மணலில் கால் புதைவதில்லை என்பது மட்டும் நிச்சயம். மெரினாவிலும் அதே இறுகிய மணல் அலையோரம் கிடக்கிறது. ஆனால் சவாரிக்கு வரும் பிள்ளைகள் நிற்பது உள்ளே, காய்ந்த பொதிமணலில்; தசைநாணுக்கு ஆகாத தரையில்தான் பிழைப்பு நடக்கிறது.

பிழைப்பு என்ற சொல்லில்தான் என் வாதம் முட்டிக்கொள்கிறது. ஒரு வருடம் நடத்து என்று வண்டிக்காரரிடம் சொல்வது சுலபம். ஓடினாலும் நின்றாலும் குதிரை தின்னும். கடனில் வாங்கிய குதிரையானால், தவணை கேட்டு வருபவர் காலில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதில்லை. கால்நடைக் காப்பீடு பெரும்பாலும் செத்தால்தான் பணம் தருகிறது. நின்று தேறும் நாட்களுக்குத் தருவதில்லை. வலி மரத்துப்போக ஊசி போட்டுச் சந்தையில் தள்ளிவிடலாம் என்று ஆசை காட்டும் தரகர் எந்த ஊரிலும் கிடைப்பார். வாங்குகிறவர் பத்து நாளில் கண்டுபிடிப்பார். தரகர் இரண்டு பக்கமும் கூலி வாங்கிப் போயிருப்பார். இதற்குத்தான் குதிரை வண்டியையே ஒழிக்கச் சொல்கிறோம் என்பார்கள். மும்பையின் விக்டோரியா வண்டிகளை 2015இல் உயர் நீதிமன்றம் அப்படித்தான் நிறுத்தியது. அதில் நியாயம் உண்டு. ஆனால் தடை, வேலையை நிறுத்துகிறது. நொண்டும் குதிரைக்கு மறுநாள் யார் கயிறு பிடிப்பது என்று அது சொல்வதில்லை. வேலையில்லாத குதிரையின் காலுக்கும் அதே பத்து நிமிடம் வேண்டும். சவாரிக்கு உரிமம் கொடுக்கும் இடங்களில், வசூலில் ஒரு பங்கை ஓய்வுக்கூலி என்று ஒதுக்குவது ஒன்றும் ஆகாத காரியம் இல்லை. தேறும் மாதங்களில் கயிறு பிடிப்பவருக்கு அதிலிருந்து சம்பளம்.

முதல் டிராட் நாளன்று குதிரைக்காரரும் கூடவே ஓடுகிறார். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது குதிரையின் தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பக்கத்தில் ஓடுகிறவர் அதைக் கண்ணால் பார்க்கும் முன்பே கயிறு அவர் கைக்குச் சொல்லிவிடுகிறது. தலை ஆடவில்லை. இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, நடத்திக் கொண்டுவந்து கட்டுகிறார். தேறிவிட்டதா என்றால் அவர் பதில் சொல்வதில்லை. கால் இன்றைக்குச் செய்த வேலைக்கு நாளைக் காலையில்தான் சுடும்.