வானத்துத் தராசு

கிறீன்லாந்தின் மேற்குக் கரையிலே இலுலிசாற் என்றோர் ஊர் உளது. 'பனிமலைகள்' என்பதே அப்பெயரின் பொருள். அங்கு நிற்போமாயின், வெண்மாடங்கள்போல் மிதந்துவரும் பனிமலைகளைக் கண்டு மெய்ம்மறப்போம். ஆயினும், உள்நாட்டை மூடிக்கிடக்கும் பெரும் பனிப்பாளம் எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கரையில் நின்று நாம் அறிவதெங்ஙனம்?

2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைச் செய்மதிகளே அதற்குத் தராசாயின. மண்ணிலே காலூன்றாத தராசு! ஏறத்தாழ 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சென்ற அவற்றுள், முன்னது பனிப்பாளத்தை அணுகுகையில் அதன் ஈர்ப்பினாற் சற்றே முன்னிழுக்கப்படும். இடைவெளி மயிரிழையினும் நுண்ணிய அளவில் மாறும். அம்மாற்றத்தை அளந்தே பனியின் தேய்வைக் கணித்தனர். 2017இல் அவை ஓய்ந்தன. 2018இல் வேறிரண்டு அப்பணியை ஏற்றன.

ஆண்டுதோறும் சராசரியாக ஏறக்குறைய 27,000 கோடி தொன் பனி குறைந்துள்ளது. பனி குறையவே, கடலைத் தன்பால் இழுத்துவைத்திருந்த அதன் ஈர்ப்பும் குறைகின்றது. ஆதலாற் கிறீன்லாந்தை அடுத்த கடல் தாழ, தொலைவிலுள்ள நம்மையொத்த வெப்பவலயத் தீவுகளின் கரைகளிலேயே அந்நீர் சராசரியினும் சற்று மிகுதியாக ஏறுகின்றது.