கீழே ஒரு விரற்கடை

குளியலறைக்கும் படிப்பறைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செங்கற்சுவர்தான். அப்பாவின் புத்தக அலமாரியை அந்தச் சுவரோடு சேர்த்து நிறுத்தியபோது நாங்கள் அதை எண்ணிப் பார்க்கவில்லை. மழைக்காலம் முடிந்து கீழ்த்தட்டிலிருந்து கம்பராமாயணத்தை உருவியபோது, பக்கத்துப் புத்தகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அட்டையெங்கும் கரும்பச்சைப் பூஞ்சை. ஓரங்களில் அப்பா பேனா மையால் எழுதியிருந்த குறிப்புகள் நீலக் கறையாகக் கரைந்திருந்தன.

பழியை மழையின்மேல் போட்டோம். சுவரைச் சுரண்டி இரண்டு முறை வண்ணம் பூசினோம். இரண்டு முறையும் உப்பி உதிர்ந்தது. கோடையிலும் ஈரம் காயாததைக் கண்ட பிறகே குளியலறையின்மேல் ஐயம் எழுந்தது.

வந்த பிளம்பர் வயதானவர். ஷவர் குழாய் சுவரிலிருந்து வெளிவரும் துளையை மறைத்திருக்கும் வட்டத் தகட்டைக் கழற்றினார். அதன் விளிம்பு முழுவதும் முன்பு யாரோ வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஷவரைத் திருப்பும்போதெல்லாம் குழாய் சற்றே அசையும். சிமெண்ட் அசைவைத் தாங்காது. மேற்பக்கம் மயிரிழையாய் விரிசல் கண்டிருந்தது. கீழ்ப்பக்கமோ கெட்டியாக இருந்தது. மேலே புகுந்த நீர் வெளியேற வழியின்றி, டைல்ஸுக்குப் பின்னால் இறங்கிச் செங்கல்லில் ஊறியிருக்கிறது.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் உள்ளவை. நம்மால் தடுக்க முடிவது ஈரத்தை மட்டுமே. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிப்பதில்லை. எங்கள் சுவரோ நாள்தோறும் நனைந்துகொண்டிருந்தது.

சிமெண்டைச் சுரண்டியெடுத்த பின், ஷவரைத் திறக்காமல், எதிர்மூலையில் வாளியில் மொண்டு குளித்து, பத்து நாள் உலரவிட்டோம். பிறகு பெரியவர் குழாயைச் சுற்றியும், தகட்டின் மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் சிலிக்கோன் இட்டார். வினிகர் நெடி அறையை நிறைத்தது. அடியில் மட்டும் ஒரு விரற்கடை விட்டிருந்தார்.

"இதையும் அடைத்துவிடுங்களேன் ஐயா" என்றோம்.

"எப்படி அடைச்சாலும் ஒரு நாள் தண்ணி உள்ளே போகும். திரும்பி வர வழி வேணும்ல?" என்றார். 24 மணி நேரம் நீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. சுவர் காய்ந்தே இருக்கிறது. ஆயினும் அலமாரியை ஒரு சாண் தள்ளித்தான் வைத்திருக்கிறோம். கம்பராமாயணத்தை நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் பூஞ்சையை அகற்றினோம். அப்பாவின் குறிப்புகளில் பதினொரு பக்கங்கள் மட்டும் படிக்க முடிந்தன. அவற்றைப் பெயர்த்தெழுதி வைத்திருக்கிறோம்.