நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்



ஐப்பசி நெருங்கிவிட்டது. இனி என் வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு படமாவது வரும். "டீச்சர், இது என்ன பறவை?" படம் மங்கலாக இருக்கும். கூடவே "நீலமா இருந்துச்சு", "மஞ்சளா இருந்துச்சு" என்று ஒரு வரி. ஓய்வு பெற்ற பிறகும் என்னை வகுப்பெடுக்க வைக்கிறீர்கள், சந்தோஷம்தான். ஆனால் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சொல்வது கஷ்டம்.

சேலையூர் ஏரிக்கரையில் மண் நிறத்தில் குந்தியிருக்கும் மடையானைப் பாருங்கள். பறந்த நொடியில் வெள்ளை வெளேரென்று வேறு பறவையாகிவிடும். குயிலில் ஆண் கறுப்பு. பெண்ணோ பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். இரண்டும் ஒரே இனம் என்று சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் நம்பமாட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

அதனால் புதுப் பறவையைப் பார்த்தால் இந்த வரிசையில் கவனியுங்கள். முதலில் அளவு: சிட்டுக்குருவி, மைனா, காக்கை, இவற்றில் எதற்குப் பக்கம்? அடுத்து அலகு நீளமா, குட்டையா, வளைந்ததா? பிறகு வால், கால். எங்கே இருந்தது, தரையிலா கிளையிலா? கடைசியாகத்தான் நிறம். அதிலும் மொத்த நிறத்தைவிட, கண்மேல் கோடு, தொண்டையில் திட்டு, இறக்கையில் பட்டை போன்ற குறிகள்தான் முக்கியம்.

ஒரு சின்னக் குறி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குச் சாலிம் அலியே சாட்சி. சிறுவனாக இருந்தபோது அவர் ஏர்கன்னால் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. சாதாரணச் சிட்டுக்குருவிக்கு அது கிடையாதே என்று சந்தேகம். 1908-இல் அதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனார். செயலாளர் மில்லார்ட், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்காமல், அங்கே சேர்த்து வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். அந்தப் பையன்தான் பின்னாளில் நாடறிந்த பறவையியல் அறிஞர்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்டோபரில் ஒரு நாள் காலை, சேலையூரில் இருக்கும் என் பழைய மாணவி போன் செய்தாள். "டீச்சர், மூணாவது மாடி பால்கனியில ஒரு மீன்கொத்தி விழுந்து கிடக்கு. பக்கத்து வீட்டு அக்கா, இது கடையில விக்கிற வெளிநாட்டுக் குருவி, எங்க கூண்டுல வச்சுக்கறேன்னு சொல்றாங்க. குடுத்துடவா?"

"கொஞ்சம் இரும்மா. அலகு எவ்வளவு நீளம்?"

"சின்னதுதான். மைனா அலகு மாதிரி."

"வால்?"

"வாலே இல்லாத மாதிரி இருக்கு டீச்சர். கால் மட்டும் நீளமா, ரோஸ் கலர்ல."

மீன்கொத்திக்கு அலகு நீளம், கால் குட்டை. அது இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது. மற்ற குறிகளையும் கேட்டேன். கண் வழியாகப் பட்டையாக ஒரு கறுப்புக் கோடு, அதன்மேல் வெள்ளைக் கோடு, வெள்ளைத் தொண்டை, பச்சை முதுகு, இறக்கையில் பளபளக்கும் நீலம், சந்தன நிற வயிறு, வாலடியில் சிவப்பு. சந்தேகமே இல்லை, ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இந்தியில் நவரங், ஒன்பது நிறம்.

கடைக்குருவியும் இல்லை, வெளிநாட்டுக் குருவியும் இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. இரவில் பயணம் செய்யும். களைத்துப்போயோ, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறியோ, கண்ணாடியில் மோதியோ இப்படி வீடுகளில் விழுவது உண்டு.

இங்கேதான் பெயர் முக்கியமாகிறது. அது 'லவ் பேர்ட்ஸ்' போலக் கூண்டிலேயே பிறந்த பறவை என்றால், வெளியே விடுவது அதைச் சாகவிடுவது மாதிரி. இரை தேடத் தெரியாது, காக்கை கொத்திவிடும். ஆறுமணிக்குருவி என்றால் நேர் எதிர். புழு பூச்சி தின்று தரையில் சருகு புரட்டி வாழும் பறவை, கூண்டில் போட்டுத் தினை வைத்தால் பிழைக்காது. நம் நாட்டுக் காட்டுப் பறவையைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் துணி விரித்து, இருட்டாகச் சத்தமில்லாத இடத்தில் வைக்கச் சொன்னேன். வாயில் தண்ணீர் ஊற்றாதே, சோறு வைக்காதே, பிள்ளைகள் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம் என்றேன். இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை.

சாயங்காலம் அஞ்சரைக்குக் கட்டடத்தின் பின்பக்கச் செடிகளுக்கு நடுவே பெட்டியைத் திறந்தார்கள். குருவி இரண்டு தத்து தத்தி, ஒரு சருகைப் புரட்டிவிட்டு, சுவரைத் தாண்டிப் பறந்ததாம். பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்ததாகச் சொன்னாள். அதுவும் ஆறுமணிக்குருவியின் அடையாளம்தான். கூண்டு கேட்ட அந்த அக்காதான் இப்போது அந்தக் கட்டடத்தில் எந்தப் பறவை வந்தாலும் முதலில் கவனிப்பவர்.

காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரமாக விசில் அடிப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். கிறித்தவக் கல்லூரி வளாகம், நன்மங்கலம் காடு பக்கம் நடைப்பயிற்சி போகிறவர்கள் காது கொடுத்துக் கேளுங்கள். மாடி வீட்டுக்காரர்கள் இந்த இரண்டு மாதம் பால்கனி விளக்கை ராத்திரியில் அணைத்து வையுங்கள், புண்ணியமாகப் போகும்.

படம் அனுப்பும்போது அளவு, அலகு, வால், கால், எங்கே பார்த்தீர்கள் என்று ஐந்து வரி சேர்த்து அனுப்புங்கள். உங்கள் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, மதிப்பெண் குறைக்க மாட்டேன்.